டெல்லியில் பழைய காரை விற்கப் போறீங்களா? நியாயமான விலையை முடிவு செய்வது எப்படி?

2025 ஜூலை 1. பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்கும், பதினைந்து வயது தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கும் டெல்லி பங்குகளில் எரிபொருள் கிடையாது என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது. 2015-ல் 84 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய சொகுசு காரை வெறும் இரண்டரை லட்சத்துக்கு விற்றுவிட்டதாக டெல்லிவாசி ஒருவர் சொன்னது அந்த நாட்களில் செய்தியானது. ஜூலை 8 அன்று அந்த உத்தரவு தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

பயத்தில் சொல்லும் விலைக்கும் நியாயமான விலைக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு இது போதும். வேலை மாற்றலாகி சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்பும் அவசரத்தில் கார் விற்கும் பலருக்கும் சின்ன அளவில் நடப்பது இதுதான். சரி, விலையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

நான் வாங்கிய விலையிலிருந்து கணக்கு போடலாமா?

வேண்டாம். நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பது வாங்குபவருக்கு முக்கியமே இல்லை. 'இதே மாடலை இன்று புதுசாக எடுத்தால் எவ்வளவு ஆகும்?' என்றுதான் அவர் யோசிப்பார்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதன் மேல் இருந்த செஸ்ஸும் போய்விட்டது. புது கார் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் சேர்ந்தே இறங்கும். அதனால் முதல் வேலை, உங்கள் மாடலின் இன்றைய ஆன்-ரோடு விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. நீங்கள் கேட்கும் தொகை அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால், 'இதுக்கு புதுசே எடுத்துடலாமே' என்று போய்விடுவார்கள்.

அப்படியானால் சந்தை விலை எது?

கார்தேகோ, ஓ.எல்.எக்ஸ்., ஸ்பின்னி, கார்ஸ்24 போன்ற தளங்களில் அதே மாடல், அதே வேரியன்ட், அதே எரிபொருள், அதே ஆண்டு, ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய எட்டு, பத்து வண்டிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் விட்டுவிட்டு, நடுவில் வரும் விலையை எடுங்கள்.

ஆனால் அது கேட்கும் விலைதான், விற்ற விலை இல்லை. ஒரு மாதமாக அப்படியே கிடக்கும் விளம்பரம், அந்த விலைக்கு ஆள் வரவில்லை என்பதற்கான சாட்சி.

அடுத்து, நிறுவனங்களிடம் வண்டியைக் காட்டி ஒரு விலை வாங்குங்கள். முடிந்தால் கரோல் பாக் டீலர் ஒருவரிடமும் கேட்கலாம். இவர்கள் சொல்லும் தொகை குறைவாகத்தான் இருக்கும். பழுதுபார்க்கும் செலவு, லாபம், விற்காமல் நிற்கும் ஆபத்து எல்லாம் அதில் கழிக்கப்பட்டிருக்கும். பதிவு பெற்ற டீலர்கள் தங்கள் லாபத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் அந்த வரி இல்லை.

ஆக, டீலர் சொல்வது தரை. விளம்பர விலைகளின் நடு எண் கூரை. உங்கள் விலை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

இன்சூரன்ஸில் போட்டிருக்கும் ஐ.டி.வி.தான் விலையா?

இல்லை. அது வண்டி திருடுபோனால் அல்லது முழுசாக சேதமானால் கிடைக்கும் தொகைக்கான கணக்கு. ஒரு வருடம் தாண்டினால் 20%, இரண்டு தாண்டினால் 30%, மூன்று தாண்டினால் 40%, நான்கு தாண்டினால் 50% என்று தேய்மானம் கழிப்பார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் நிறுவனமும் நீங்களும் பேசி முடிவு செய்வதுதான். எல்லா மாடலுக்கும் ஒரே விகிதம் என்பதால், எந்த காருக்கு கிராக்கி இருக்கிறது என்பது ஐ.டி.வி.க்குத் தெரியாது.

டெல்லி என்பதால் என்ன வித்தியாசம்?

இங்கே காரின் வயது விலையை மட்டுமல்ல, ஓட்டலாமா என்பதையே தீர்மானிக்கிறது. பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகளை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை செய்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் கிடைத்த நிவாரணத்தை டிசம்பர் 17 அன்று அதே நீதிமன்றம் சுருக்கியது: பி.எஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்குத்தான் பாதுகாப்பு. எனவே ஆர்.சி.யில் உங்கள் காரின் மாசுத் தரம் என்ன என்று முதலில் பாருங்கள்.

பி.எஸ்-4 டீசல் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. குளிர்காலத்தில் காற்று மோசமாகி கிராப் மூன்றாம் நிலை வந்தால், பி.எஸ்-3 பெட்ரோல் கார்களும் பி.எஸ்-4 டீசல் கார்களும் டெல்லியிலும் குருகிராம், ஃபரீதாபாத், காஜியாபாத், நொய்டா பகுதிகளிலும் ஓட முடியாது. வாங்குபவர் இதைக் கட்டாயம் விலையில் கழிப்பார். இப்படிப்பட்ட வண்டியை நவம்பர் வரை வைத்திருக்காமல் அதற்கு முன்பே விளம்பரம் போடுவது நல்லது.

வெளி மாநிலத்தில் விற்றால் கூடுதலாகக் கிடைக்குமா?

கிடைக்கலாம். ஆனால் என்.ஓ.சி. வாங்க வேண்டும், வண்டியைக் கொண்டுபோக வேண்டும், வாங்குபவர் அங்கே மறுபடியும் சாலை வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அந்த விலை கிடைக்கிறது என்று சொல்வதற்கு முன் இவை எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். மிச்சம் டெல்லி விலையைவிட அதிகமாக இருந்தால்தான் அது லாபம்.

ஒரே மாடல், ஒரே வருடம். ஒரு வண்டிக்கு மட்டும் ஏன் அதிக விலை?

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே இதை விளக்கினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லா வண்டியும் சந்தேகத்துக்குரியது என்று நினைத்து அவர் குறைத்துக் கேட்கிறார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மோசமான வண்டிகளே மிஞ்சும். தகவல் சமமில்லாத சந்தைகள் பற்றிய ஆய்வுக்காக 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சந்தேகத்தைக் குறைத்தால் விலை ஏறும் என்பது இதில் நமக்கான பாடம். சர்வீஸ் ரசீதுகள், இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரம், செல்லுபடியாகும் மாசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வையுங்கள். அடிபட்டு பெயின்ட் அடித்திருந்தால் நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர் கூட்டிவரும் மெக்கானிக் கண்டுபிடித்தால், அந்த ஒரு கதவுக்கு மட்டுமல்ல, மொத்த வண்டிக்கும் விலையைக் குறைப்பார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாமா?

இது புரிவதற்காக மட்டும் போடும் கணக்கு. உங்கள் ஹேட்ச்பேக்குக்கு விளம்பரங்களின் நடு விலை 4,50,000 ரூபாய். நிறுவனம் தருவதாகச் சொன்னது 3,80,000. நான்கு டயரும் தேய்ந்திருக்கின்றன, மாற்ற 20,000 ஆகும். கூரை 4,30,000 ஆகிவிட்டது.

தரைக்கும் கூரைக்கும் நடுவில் 4,05,000 வருகிறது. இதுதான் நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய தொகை. பேரத்துக்கு இடம் விட்டு 4,25,000 கேட்கலாம். இதற்குக் கீழே போனால் நிறுவனத்துக்கே கொடுத்துவிடலாம் என்ற எல்லையை, 3,90,000 என்று வைத்தால், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேரில் ஆள் வந்து நின்று, "சார், லாஸ்ட் எவ்வளவு?" என்று கேட்கும்போது யோசிக்க ஆரம்பித்தால் தாமதம்.

ஐந்து லட்சம் கேட்டால் நாலரைக்காவது வரும் என்று சிலர் நினைப்பார்கள். விலை வடிகட்டி வைத்துத் தேடுபவர் கண்ணில் அந்த விளம்பரம் படவே படாது. இரண்டு வாரத்தில் உருப்படியான விசாரிப்பு எதுவும் வரவில்லையென்றால் விலை அதிகம் என்று அர்த்தம். முதல் நாளே பத்து பேர் அழைத்தால் குறைத்துப் போட்டுவிட்டீர்கள்.

விலை பேசி முடித்தாச்சு. அவ்வளவுதானா?

இல்லை. 2025 நவம்பர் 10 அன்று செங்கோட்டை அருகே வெடித்த கார் பல கை மாறியது. ஆனால் விசாரணை முதலில் போய் நின்றது, அதை எப்போதோ விற்றுவிட்ட பழைய உரிமையாளரிடம். விபத்து வழக்குகளிலும் அப்படித்தான்: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதனால் படிவம் 29, 30 இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். வெளி மாநிலம் என்றால் படிவம் 28-ல் என்.ஓ.சி. வாங்க வேண்டும். கடன் முடிந்திருந்தால் படிவம் 35. விற்ற தகவலை அதே மாநிலத்துக்குள் 14 நாளில், வெளி மாநிலம் என்றால் 45 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பாக்கி சலான்களைக் கட்டிவிட்டு ஃபாஸ்டேகையும் மூடிவிடுங்கள்.

நோ-கிளெய்ம் போனஸை மறந்துவிடாதீர்கள். அது காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். சான்று வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் எடுக்கும் அடுத்த காரில் சொந்த சேத பிரீமியத்தில் 50% வரை குறையும்.

"பெயர் மாற்றத்தை நான் பார்த்துக்கறேன், பத்தாயிரம் கூட வச்சுக்கோங்க" என்று யாராவது சொன்னால், அந்த பத்தாயிரத்தை விட்டுவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு ஒத்துழைத்து, அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கேட்பவருக்கே வண்டியைக் கொடுங்கள்.