பின்னால் பார்த்துக்கொள்ளலாமா?

கீழ்த்தளத்தை மட்டும் கட்டிக்கொண்டு, மொட்டை மாடித் தூண்களில் கம்பிகளை நீட்டி விட்டுவைப்பது நம் மத்தியதரக் குடும்பங்களின் சம்பிரதாயம். இருக்கிற பணத்துக்கு இப்போது இவ்வளவு. பையனுக்கு வேலை கிடைத்ததும் மாடி. அந்தத் துருப்பிடித்த கம்பிகளில்தான் எத்தனை நம்பிக்கை! கம்ப்யூட்டர் வாங்குவதிலும் ஒரு காலத்தில் இப்படிக் கம்பி விட்டுவைக்க இடம் இருந்தது. அந்த இடம் மெல்ல மெல்ல அடைபட்ட கதையை, ஆப்பிள் கம்பெனியின் 'மேக் மினி' என்னும் சின்னஞ்சிறு பெட்டியின் சரித்திரத்தில் பார்க்கலாம்.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டரில் மெமரி வேறு, ஸ்டோரேஜ் வேறு. முன்னது சமையல் மேடை, பின்னது பரண். சமைக்கும்போது வேண்டியவை மேடைமீது இருக்கும். மற்றவை பரணில் கிடக்கும். மேடை சிறியதாக இருந்தால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஏணி போட்டு ஏறி இறங்க வேண்டும். சமையல் நடக்கத்தான் செய்யும். ஆனால் பந்தி காத்திருக்கும்.

2005 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் முதல் மேக் மினியை அறிமுகம் செய்தார். ஆறரை அங்குலச் சதுரம். இரண்டு அங்குல உயரம். ஆரம்ப விலை 499 டாலர். அதற்குக் கிடைத்தது 256 எம்.பி. மெமரியும் 40 ஜி.பி. டிஸ்க்கும். மூடியைத் திறக்கத் திருகாணி கிடையாது. சுவருக்குப் பட்டி பார்க்கும் தகட்டைச் செருகி நெம்பி, மெமரியை மாற்றினார்கள். 2010-ல் அடிப்பக்கம் ஒரு வட்ட மூடி வந்தது. கையால் திருகினாலே திறந்துகொண்டது. 2012 மாடலை 4 ஜி.பி.யோடு வாங்கி, கையில் காசு சேர்ந்த பிற்பாடு 16 ஜி.பி. வரை ஏற்றிக்கொள்ள முடிந்தது.

2014 அக்டோபரில் வந்த மாடலில் மெமரியைப் பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள். 4 ஜி.பி.யோடு வாங்கியவருக்குக் கடைசி வரை 4 ஜி.பி.தான். 2018-ல் மெமரி மறுபடியும் கழற்றி மாட்டத் தக்கதாயிற்று. ஆனால் இம்முறை ஸ்டோரேஜ் பலகையோடு ஒட்டிக்கொண்டது. 2020 நவம்பரில் எம்1 சில்லு வந்தபோது, மெமரி அந்தச் சில்லின் கூட்டுக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது. எட்டா, பதினாறா? வாங்கும் நாளில் சொன்னதே முடிவு.

இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது. மெமரி பக்கத்திலேயே இருந்தால் வேலை விரைவாக நடக்கிறது, மின்சாரமும் மிச்சமாகிறது. லாபம் மெய்தான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும் சுதந்திரம் அதோடு போயிற்று. 2024-ல் எம்4 மினி வந்தபோது அமெரிக்காவில் ஆரம்ப விலை 599 டாலர், 16 ஜி.பி. மெமரி, 256 ஜி.பி. ஸ்டோரேஜ். ஸ்டோரேஜை 512 ஆக்க 200 டாலர். மெமரியை 24 ஆக்கவும் அதே 200 டாலர்.

எதற்குக் கொடுப்பது? பரண் போதாவிட்டால் வெளியே ஒரு கேபிளில் எஸ்.எஸ்.டி.யை மாட்டிக்கொள்ளலாம்; கல்யாண போட்டோக்களும் சினிமாக்களும் அங்கே சுகமாக இருக்கும். மேடையை அப்படி வெளியே நீட்ட வழியில்லை. ஆகவே, உபரிப் பணம் இருந்தால் முதல் பங்கு மெமரிக்கே. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் 16 ஜி.பி. தாராளம், அப்படிப்பட்டவர் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். வீடியோ வெட்டி ஒட்டுகிறவரும், செயற்கை நுண்ணறிவு மாடல்களைத் தம் பெட்டிக்குள்ளேயே ஓட்டப்போகிறவரும்தான் 24-ஐப் பற்றி யோசிக்க வேண்டும்.

இன்று நாலாம் வகுப்புப் படிக்கும் பெண், ஐந்து வருஷம் கழித்து அந்தப் பெட்டியில் என்ன செய்யப் போகிறாள்? யாரால் சொல்ல முடியும்? ஆனாலும் கடைக்காரர் பில் போடுவதற்குள் சொல்லியாக வேண்டியிருக்கிறது.