இலவசமும் இடமும்: இலங்கை, இந்திய உயர்கல்வியில் அரசுச் செலவின் வரலாறு

உயர்கல்விக்கு ஓர் அரசு எவ்வளவு செலவிடுகிறது என்பதை உள்நாட்டு உற்பத்தியின் விழுக்காடாகக் கணக்கிடுவது ஆய்வாளர் வழக்கம். இலங்கையையும் இந்தியாவையும் அந்த அளவுகோலால் மட்டும் ஒப்பிட்டால், போதிய நிதி எங்கும் ஒதுக்கப்படவில்லை என்பதோடு ஆய்வு முடிந்துவிடும். அந்தப் பற்றாக்குறை யார் தலையில் விழுந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இலங்கை: கட்டணமில்லை, இடமும் இல்லை

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் ஐவர் ஜென்னிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு தொடங்கியது. மறு ஆண்டே சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான சிறப்புக் குழு, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வியைப் பரிந்துரைத்தது. 1945இல் அது நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் பெருகின, சிங்களத்திலும் தமிழிலும் படித்த பிள்ளைகள் பல்கலைக்கழகத்தை நோக்கி வந்தார்கள். கலைப்பிரிவு ஓரளவு விரிந்தது. ஆய்வுக்கூடமும் மருத்துவமனையும் தேவைப்படும் மருத்துவ, பொறியியல் பீடங்கள் அந்த வேகத்தில் விரியவில்லை.

அந்த இடப் பஞ்சத்தின் மேல்தான் 1970களின் தரப்படுத்தல் வந்தது. 1971 அனுமதியில் தமிழ்மொழி மூல மாணவருக்கு உயர்ந்த வெட்டுப்புள்ளி விதிக்கப்பட்டது. அது பேரினவாத அரசியல் எடுத்த முடிவு. ஆயினும் இடங்கள் மிகச் சிலவாக இருந்ததால்தான் ஒவ்வோர் இடமும் இனங்களுக்கிடையிலான வழக்காக மாறியது. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடும் இருந்த இடங்களைப் பங்கிடும் முறையே. இன்றும் உயர்தரத் தேர்வில் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது.

கட்டணம் வாங்கும் கல்வி அங்கே எளிதில் வேரூன்றவில்லை. 1980களின் தொடக்கத்தில் தொடங்கிய வடகொழும்பு தனியார் மருத்துவக் கல்லூரியை, கடும் எதிர்ப்புக்குப் பின் 1989இல் அரசு ஏற்றது. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் கல்விக்கு உள்நாட்டு உற்பத்தியில் 6 விழுக்காடு கேட்டு ஏறத்தாழ மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தபோது, மொத்தக் கல்விச் செலவு 2 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை.

இந்தியா: இடமுண்டு, கட்டணமும் உண்டு

இந்தியாவிலும் அதே 6 விழுக்காடு பழைய இலக்கு. 1964-66 கோத்தாரி ஆணையத்தின் பரிந்துரை, 1968 கல்விக் கொள்கையில் இடம்பெற்றது. 2020 கொள்கையும் அதையே திரும்பச் சொல்கிறது. விடுதலைக்குப் பிந்தைய முதல் மூன்று பத்தாண்டுகளில் அரசுக் கல்லூரிகளும், ஆசிரியர் ஊதியத்தை அரசு தரும் உதவிபெறும் கல்லூரிகளும் உயர்கல்வியைச் சுமந்தன. கிராமத்திலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகள் வந்தது அந்தக் கல்லூரிகள் வழியாகத்தான்.

1980களில் திசை மாறியது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளை அனுமதித்தது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியார் கல்லூரி இடங்களை இலவச இடம், கட்டண இடம் என்று பிரித்தது. 2002இல் டி.எம்.ஏ. பை வழக்கின் தீர்ப்பு அந்த ஏற்பாட்டை விலக்கியது. இடையில் 1997இல் நிதி அமைச்சகத்தின் ஆய்வறிக்கை, தொடக்கக் கல்வியை மானியத்துக்கு உகந்ததாக ஏற்று, உயர்கல்வியை அந்தப் பட்டியலுக்கு வெளியே வைத்தது. 2017இல் உருவான உயர்கல்வி நிதி முகமை, மத்திய நிறுவனங்களின் கட்டடங்களுக்கு மானியம் தந்த இடத்தில் கடன் தந்தது. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் மாணவர் தொகை 4.33 கோடி. கல்லூரிகளில் அரசினுடையவை 21.5 விழுக்காடு, அரசு உதவி பெறாத தனியார் கல்லூரிகள் 65.3 விழுக்காடு.

ஒப்பீடு

இலங்கையில் பற்றாக்குறையைச் சுமந்தவர், தகுதி இருந்தும் வாசலில் நின்ற மாணவர். இந்தியாவில் சுமந்தது, நகையை அடகு வைத்தும் வங்கிக் கடன் வாங்கியும் கட்டணம் கட்டிய குடும்பம். இவ்விருவரும் அரசுச் செலவுப் பட்டியலில் தென்படுவதில்லை. கட்டணமின்மையை மட்டும் பார்த்து இலங்கையைப் புகழ்வதும், மாணவர் தொகையை மட்டும் பார்த்து இந்தியாவைப் புகழ்வதும் அரைக் கணக்கு.

உயர்கல்விச் செலவை ஒப்பிடும் ஆய்வு, அரசு ஒதுக்கீட்டோடு, தகுதி பெற்றும் இடம் பெறாதோர் தொகையையும் குடும்பங்கள் செலுத்திய தொகையையும் ஒரே அட்டவணையில் வைக்க வேண்டும். இடங்களைப் பெருக்காத இலவசமும், செலவை ஏற்காத விரிவாக்கமும் அரசின் கடமையைப் பாதியிலேயே நிறுத்துகின்றன. இரு நாடுகளும் தாமே ஏற்றும் கேட்டும் பழகிய 6 விழுக்காட்டை ஒதுக்கினால், இடமா இலவசமா என்று ஏழைப் பிள்ளைகள் ஒன்றை இழந்து மற்றதைப் பெறும் நிலை தளரும்.