மாற்றுச் சிறுநீரகத்தில் பழைய நோய் திரும்புதல்
சொந்தச் சிறுநீரகத்தைப் பாழாக்கிய அதே நோய், தானமாகப் பெற்ற சிறுநீரகத்தையும் தாக்குவது. உடல் புதிய உறுப்பை நிராகரிப்பது வேறு, இது வேறு. பெரும்பாலும் பயாப்ஸிதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

இப்படித் திரும்பும் நோய்களில் மிகக் கொடியவற்றுள் ஒன்று எஃப்.எஸ்.ஜி.எஸ். இது சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் ஆங்காங்கே தழும்பு விழும் நோய். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் திரும்புகிறது. சிலருக்கு அறுவை முடிந்த சில மணி நேரத்திலேயே சிறுநீரில் புரதம் நுரைத்து வெளியேறும். கோளாறு சிறுநீரகத்தில் இல்லை, நோயாளியின் ரத்தத்தில் இருக்கிறது என்பதைச் சிகாகோ மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட அறிக்கை துலக்கமாகக் காட்டியது. இளைஞர் ஒருவருக்குச் சகோதரி தந்த சிறுநீரகம் இந்நோயால் இரண்டே வாரத்தில் கெட்டது. அதை எடுத்து வேறொருவருக்குப் பொருத்தியதும் சில நாட்களில் தேறி, வேலை செய்தது. எனவேதான் பிளாஸ்மா மாற்றமும் ரிட்டுக்ஸிமாப் மருந்தும் சிகிச்சையாகின்றன, எல்லோருக்கும் பலிப்பதில்லை.

ஐ.ஜி.ஏ. எதிர்ப்பொருள் வடிகட்டிகளில் படியும் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதியும் அடிக்கடி திரும்பும், ஆனால் மெதுவாக. பிறவி ஆக்சலேட் மிகைப்பில் குறை கல்லீரலில் இருப்பதால், பலருக்குக் கல்லீரலையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. பரம்பரை நீர்க்கட்டி நோய் திரும்புவதில்லை.