பிடித்தவனும் பிடிபட்டவனும்

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஃபோர்ட் பெனிங் எண்டொரு இராணுவத் தளம் இருக்கு. 1950இல் தொடங்கிய றேஞ்சர் பயிற்சிப் பள்ளி அங்கேதான். அதன் முதல் கட்டம் நடக்கிற முகாமுக்குப் பெயர் 'காம்ப் றொஜேர்ஸ்'. யார் இந்த றொஜேர்ஸ்?

றொபேட் றொஜேர்ஸ், 1731இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் வட அமெரிக்காவுக்காக அடிபட்ட காலத்தில், பிரித்தானியப் பக்கத்தில் ஒரு காட்டுப்படையை நடத்தினவர். 1757இல் தன்ர ஆட்களுக்காக 28 விதிகள் எழுதினார். ஒரு வெடி இரண்டு பேரைக் கொல்லாதபடி இடைவெளி விட்டு வரிசையாக நட. சதுப்பு நிலத்தில் வரிசையை விட்டுப் பக்கம் பக்கமாகப் போ, தடம் பிடிக்க ஏலாது. போன வழியால திரும்பி வராதே. இண்டைக்கும் பயிற்சிக்கு உதவுகிற புத்தி இது. ஆனால் றேஞ்சர் கைநூலில் அவரது 'நிலையான கட்டளைகள்' எண்டு அச்சாகிற 19உம் அவர் எழுதினவை இல்லை. 1937இல் கெனத் றொபேட்ஸ் எழுதிய நாவலில் இருந்து வந்தவை.

முன்னோரைத் தேடிப் போகேக்க வரலாறும் கதையும் இப்படித்தான் கலக்கும். அது சின்ன விசயம். பெரிய விசயம் 1776.

அமெரிக்கப் புரட்சி வந்தபோது வொஷிங்டன் றொஜேர்ஸை நம்பவில்லை. உளவாளி எண்டு சந்தேகப்பட்டுக் கைது செய்வித்தார். தப்பி ஓடிய றொஜேர்ஸ் பிரித்தானியருக்காக 'குயின்ஸ் றேஞ்சர்ஸ்' படையைத் திரட்டினார். அந்த செப்டெம்பரில் வொஷிங்டனின் உளவாளியான நேதன் ஹேல் பிடிபட்டார். வயது 21, முன்னாள் ஆசிரியர். 22ஆம் திகதி தூக்கிலிட்டார்கள். தானும் புரட்சிக்காரன் எண்டு நடிச்சு அவரைப் பிடித்தது றொஜேர்ஸ்தான் எண்டு அக்காலத்துக் கடைக்காரர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

இப்ப பாருங்கோ. சிஐஏ தலைமையகத்தில் ஹேலுக்குச் சிலை. இராணுவ முகாமில் றொஜேர்ஸுக்குப் பெயர். ஒரே அரசு இரண்டு பேரையும் முன்னோர் எண்டு சொல்லுது. ஏனெண்டால் பயிற்சிப் பள்ளிக்குத் தேவை றொஜேர்ஸின் உத்தி மட்டும். அவர் எந்தப் பக்கம் நிண்டவர் எண்ட கேள்வி அங்கே தேவைப்படாது.

ஆனால் உத்தியை யாரில பாவித்தார் எண்ட கேள்வியும் அதோட போய்விடுது. 1759 ஒக்டோபர் 4ஆம் திகதி விடியற்காலை, கனடாவில் அபெனாக்கி மக்களின் ஒடனாக் கிராமத்தை அவரது படை எரித்தது. இருநூறு பேரைக் கொன்றதாக அவர் அறிக்கை எழுதினார். பிரெஞ்சுப் பதிவுகள் சொல்வது முப்பதளவில். அதில் கூடுதலானோர் பெண்களும் பிள்ளைகளும்.

அபெனாக்கியர் இண்டைக்கும் ஒடனாக்கில் வாழினம். அவையின்ர நினைவில் இருக்கிற றொஜேர்ஸ் விதிகள் எழுதின றொஜேர்ஸ் இல்லை. ஒரு பெயர்ப்பலகையை வாசிக்கேக்க, அந்தப் பெயரை வேறு யார், எதுக்காக ஞாபகம் வைத்திருக்கினம் எண்டும் கேட்கவேணும். வரலாறு படிக்கிற எங்களுக்கு அதுதான் வேலை.