கொத்துத் தலைவலியில் பால் வேறுபாடுகள்

கொத்துத் தலைவலி என்பது தலையின் ஒரு பக்கத்தில், கண்ணைச் சுற்றியோ நெற்றிப்பொட்டிலோ மிகக் கடுமையான வலியை ஏற்படுத்தும் ஓர் அரிய தலைவலி நோயாகும். இது வேறொரு நோயின் அறிகுறியாக அன்றித் தானே ஒரு நோயாக அமைவதால், முதன்மைத் தலைவலிகளுள் ஒன்றாக வகைப்படுத்தப்படுகின்றது. ஏறத்தாழ 1000 பேரில் ஒருவருக்கு இது ஏற்படுகின்றது. நெடுங்காலமாக இது ஆண்களின் நோய் என்றே கருதப்பட்டு வந்தது. முன்பு எண்ணியதைவிடப் பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுவதையும், அவர்களிடம் பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி எனத் தவறாக அறியப்படுவதையும் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

நோயின் இயல்பு

மருத்துவம் பெறாதபோது ஒவ்வொரு வலித்தாக்கமும் 15 முதல் 180 நிமிடங்கள் வரை நீடிக்கும். தாக்கங்கள் இரண்டு நாட்களுக்கு ஒரு முறை முதல் ஒரே நாளில் எட்டு முறை வரை வரக்கூடும். வலிக்கும் பக்கத்தில் கண் சிவத்தல், கண்ணீர் வடிதல், மூக்கடைப்பு, மேலிமை தாழ்தல், கண்மணி சுருங்குதல் ஆகியவை தோன்றும். நோயாளி ஓரிடத்தில் இருக்க இயலாமல் அமைதியின்றி நடமாடுவார். தாக்கங்கள் சில வாரங்கள் அல்லது மாதங்கள் கொத்தாக வந்து, பின் நெடுநாள் வராமல் இருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. ஓராண்டுக் காலத்தில் வலியற்ற இடைவெளி மூன்று மாதங்களுக்குக் குறைவாக இருந்தால் அது நாட்பட்ட வகை எனப்படும்.

ஆண், பெண் விகிதம்

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பேயார்ட் ஹோர்ட்டன் 1939 இல் இந்நோயை விரிவாக விளக்கினார். அதன் பின் வந்த பதிவுகளில் நோயாளிகளுள் பெரும்பான்மையினர் ஆண்களாகவே இருந்தனர். புகைப்பழக்கமுள்ள நடுவயது ஆணே இந்நோயாளியின் அடையாளம் என்ற எண்ணமும் பரவியது.

இத்தாலியில் மன்சோனி 1998 இல் வெளியிட்ட ஆய்வு, நோய் தொடங்கிய காலத்தைக் கொண்டு நோயாளிகளைப் பிரித்து ஒப்பிட்டது. 1960 ஆம் ஆண்டுக்கு முன் நோய் தொடங்கியோரில் ஒரு பெண்ணுக்கு 6.2 ஆண்கள் இருந்தனர். 1990 - 1995 காலப்பகுதியில் இவ்விகிதம் 2.1 ஆகக் குறைந்தது. பெண்களின் வேலை, புகைப்பழக்கம் முதலிய வாழ்க்கைமுறை மாற்றங்கள் இதற்குக் காரணமாக இருக்கலாம் என அவர் கருதினார். முன்பு தவறவிடப்பட்ட பெண் நோயாளிகள் பின்னர்ச் சரியாக அறியப்பட்டதும் ஒரு காரணம் எனப் பிறர் கருதுகின்றனர்.

அறிகுறிகளில் வேறுபாடு

நோயின் அடிப்படை அறிகுறிகள் இரு பாலாருக்கும் பொதுவானவை. எனினும் குமட்டலும் வாந்தியும் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 874 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவுகளின்படி, நாட்பட்ட வகை பெண்களில் 18 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 9 விழுக்காட்டினருக்கும் இருந்தது. குடும்பத்தில் வேறொருவருக்கும் இந்நோய் இருப்பதாகக் கூறியோர் பெண்களில் 15 விழுக்காடு, ஆண்களில் 7 விழுக்காடு. எனவே பெண்களிடம் இந்நோய் சற்றுக் குறைவாகக் காணப்பட்டாலும், ஏற்படும்போது நாட்பட்ட வடிவம் கொள்ளும் வாய்ப்பு மிகுதி.

காரணங்கள்

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி இந்நோயில் பங்கு கொள்கின்றது. தாக்கத்தின்போது இப்பகுதி தூண்டப்படுவதை 1998 இல் வெளியான மூளைப் படமெடுப்பு ஆய்வு காட்டியது. தாக்கங்கள் நாள்தோறும் ஒரே நேரத்தில் வருவதற்கும் இதுவே காரணம் எனக் கருதப்படுகின்றது. இயக்குநீர்ச் சுரப்பைக் கட்டுப்படுத்துவதும் இப்பகுதியே என்பதால் பால் இயக்குநீர்கள் ஆராயப்பட்டன. ஆண் நோயாளிகளிடம் டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைந்திருப்பதை 1976 இல் குட்ரோ பதிவு செய்தார். ஆனால் இவ்வேறுபாடுகளை முழுமையாக விளக்கும் கொள்கை எதுவும் நிறுவப்படவில்லை.

தவறான நோயறிதலும் அதன் விளைவும்

ஒற்றைத் தலைவலி பெண்களிடம் ஆண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுதலாகக் காணப்படுகின்றது. ஆகவே ஒரு பக்க வலியுடன் குமட்டலும் கொண்டு வரும் பெண்ணுக்கு அந்நோயே முதலில் கருதப்படுகின்றது. டென்மார்க்கில் நடைபெற்ற ஆய்விலும் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாகத் தவறான நோயறிதலுக்கு உள்ளாகியிருந்தனர்.

இரு நோய்களுக்கும் மருத்துவம் வேறு என்பதால் இத்தவறு பெரிதும் துன்பம் தருவது. வலிநிவாரணி மாத்திரை செயற்படத் தொடங்கும் முன்பே கொத்துத் தலைவலியின் தாக்கம் முடிந்துவிடக்கூடும். முகமூடி வழியாக நிமிடத்திற்கு 12 லிட்டர் அளவில் 15 நிமிடங்கள் தூய ஆக்சிஜன் செலுத்துவதும், சுமாட்ரிப்டான் ஊசியுமே விரைந்து பயனளிப்பவை. தடுப்பு மருந்தாக வெராபமில் பயன்படுத்தப்படுகின்றது. இதற்கு இதயத் துடிப்பு வரைபடக் கண்காணிப்புத் தேவை. கருவுற்ற பெண்களுக்குப் பல மருந்துகள் பொருந்தாமையால் ஆக்சிஜன் முதன்மையான தெரிவாகின்றது.

இரு நோய்களையும் வேறுபடுத்த நோயாளியின் நடத்தை உதவுகின்றது. ஒற்றைத் தலைவலி உடையவர் இருண்ட அறையில் அசையாது படுத்திருக்க விரும்புவார்; கொத்துத் தலைவலி உடையவர் அமைதியின்றி நடப்பார் அல்லது முன்னும் பின்னும் ஆடுவார். தாக்கத்தின் கால அளவும், ஒரே பக்கத்தில் கண்ணீர் வடிதலும் பிற அடையாளங்கள். பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டின் நோயறி விதிகளில் நோயாளியின் பால் ஓர் அளவுகோலாக இடம்பெறவில்லை.