பலாலி விமான நிலையம்: தோற்றமும் வளர்ச்சியும்

யாழ்ப்பாணக் கரையோர ஊர்ப்பெயர்களை நோக்குவோர்க்குத் 'துறை' என்னும் சொல் அடிக்கடி எதிர்ப்படும். காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்பன அவற்றுட் சில. மகாவம்சம் கூறும் சம்புகோளப் பட்டினமும் இக்கரையிலேயே இருந்ததென ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. நிலப்பரப்பாற் சிறியதாகிய இக்குடாநாடு நெடுங்காலமாகக் கடல்வழியே உலகத்தோடு உறவாடி வந்ததென்பதற்கு இவை சான்றாகும். இருபதாம் நூற்றாண்டில் அத்துறைகளின் வரிசையில் வான்வழித் துறையொன்றும் சேர்ந்தது. அதுவே பலாலி விமான நிலையமாகும்.

யாழ்ப்பாண நகருக்கு வடக்கே ஏறக்குறையப் பத்து மைல் தொலைவில், வலிகாமத்தின் வடகரையை அண்டிப் பலாலி அமைந்துள்ளது. சுண்ணாம்புக் கற்பாறையின்மேற் செம்மண் படிந்த சமவெளி அது. குன்றோ மேடோ அங்கில்லை, கடலும் அண்மையிலுண்டு. ஆகலின் விமானங்கள் இறங்குவதற்கும் ஏறுவதற்கும் இயற்கையாகவே ஏற்ற இடமாயிற்று. அச்செம்மண்ணே கிணற்று நீர்ப்பாய்ச்சலால் வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை ஆகியவற்றை விளைவிக்கும் சிறந்த தோட்ட நிலமாகவும் விளங்கியது. விமானத்துக்கு உகந்த நிலமும் உழவனுக்கு உகந்த நிலமும் ஒன்றாக அமைந்தமை, இந்நிலையத்தின் வரலாறு முழுவதையும் விளங்கிக்கொள்வதற்குத் திறவுகோல் எனலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது, சிங்கப்பூர் வீழ்ச்சியுற்றபின், இந்து சமுத்திரத்தின் பாதுகாப்பில் இலங்கை முதன்மை பெற்றது. 1942 ஏப்பிரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருக்கோணமலையையும் தாக்கின. போர்க்காலத்திற் பிரித்தானிய விமானப்படையினர் இத்தீவில் அமைத்த ஓடுபாதைகளுள் பலாலியும் ஒன்று. காங்கேசன்துறை என்னும் பெயராலேயே அது அக்காலத்தில் வழங்கப்பட்டது. போர்த் தேவைக்காகத் தோன்றிய அது, போர் முடிந்ததும் குடிமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது.

1947 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10 ஆந் திகதி இந்நிலையத்தின் வரலாற்றில் மறக்கலாகாத நாளாகும். எயர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பயணிகள் விமானம் அன்றே புறப்பட்டது. 'சீதா தேவி' எனப் பெயரிடப்பெற்ற அந்த டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குச் சென்றது. எனவே, இலங்கையின் தேசிய விமான சேவை தன் முதற் பயணத்திலேயே யாழ்ப்பாணத்தைத் தொட்டுச் சென்றது. பலாலி தோன்றிய நாள்முதலே தெற்கே கொழும்பையும் வடக்கே தமிழகத்தையும் ஒருங்கே நோக்கிய நிலையம் என்பது இதனாற் புலனாகும். 2019 இல் அது அனைத்துலக நிலையமாக அறிவிக்கப்பட்டபோது சிலர் அதனைப் புதுமையெனக் கருதினர். உண்மையில் அது பழைய நிலையின் மீட்சியே.

நிலப்படத்தை நோக்கின் இதன் காரணம் எளிதில் விளங்கும். பலாலியிலிருந்து இரத்மலானை ஏறக்குறைய 330 கிலோமீற்றர். சென்னை ஏறக்குறைய 355 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளியோ 185 கிலோமீற்றர் அளவினதே. 1956 இல் யாழ்தேவி புகைவண்டி ஓடத் தொடங்கிய பின்னரும் கொழும்புப் பயணம் பகற்பொழுதின் பெரும்பகுதியைக் கொண்டது. டக்கோட்டா விமானமோ ஒரு மணித்தியாலத்திற் சற்றுக் கூடிய நேரத்தில் அத்தூரத்தைக் கடந்தது. ஆயினும் 1979 இல் எயர் சிலோனின் இடத்தை எயர் லங்கா பெற்றபோது புதிய நிறுவனத்தின் நோக்கு தூரதேசங்களின்மேற் சென்றது. நாட்டின் அரசியற் சூழலும் நாளுக்குநாள் மோசமாகிற்று.

அதன்பின் முப்பதாண்டுக் காலம் பலாலி என்னும் பெயர் போரோடு பிணைந்தது. 1987 யூலை மாத இறுதியில் இந்திய அமைதிப்படையினர் இங்கேயே வந்திறங்கினர். 1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கின் மக்கள் பல்லாயிரவர் தம் வீடு வாசல்களை விட்டு வெளியேறினர். பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன், காங்கேசன்துறை முதலிய ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. 1950 இல் நிறுவப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வாண்டிலேயே இயக்கமற்றது. 1998 செப்டெம்பர் 29 இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னாருக்கு அப்பாற் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். 2006 ஓகத்து மாதத்தில் ஏ9 வீதி மூடப்பட்டபோது குடாநாட்டு மக்களுக்கு எஞ்சியவை கடல்வழியும் வான்வழியுமே. அவையும் பாதுகாப்புப் படையினரின் அனுமதிக்குக் கட்டுப்பட்டவை. மக்களை இணைப்பதற்குரிய நிலையம் மக்கள் அணுகவியலாத இடமாகி நின்றது.

2009 இல் யுத்தம் முடிவுற்றது. எனினும் நிலையம் முழுமையாக மக்கள் வசமாகப் பின்னும் பத்தாண்டுகள் சென்றன. 2019 யூலையிற் புனரமைப்பு வேலைகள் தொடங்கின. அவ்வாண்டு ஒக்டோபர் 17 இல் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் என்னும் பெயருடன் அது திறந்து வைக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் எயர் நிறுவனத்தின் விமானம் அன்று வந்திறங்கியது. நவம்பர் 11 இல் ஒழுங்கான சேவை ஆரம்பமாயிற்று. நான்கு மாதங்கள் கழிவதற்கிடையில் கொள்ளைநோய் பரவியமையால், 2020 மார்ச்சில் அச்சேவை நின்றது. 2022 டிசம்பர் 12 இல் அது மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பர் 1 இல் இன்டிகோ நிறுவனம் சென்னைச் சேவையையும், 2025 மார்ச் 30 இல் திருச்சிராப்பள்ளிச் சேவையையும் ஆரம்பித்தது.

நிலையத்தின் வசதிகளைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுதல் தகும். இதுகாறும் சென்னை, திருச்சிச் சேவைகளில் ஈடுபட்டவை ஏறக்குறைய எழுபது பேரை ஏற்றும் ஏ.ரி.ஆர். வகை விமானங்கள். சுழல்விசிறியால் இயங்கும் இவை ஏறக்குறைய 1,300 மீற்றர் நீளமுள்ள பாதையில் முழுப்பாரத்துடன் எழக்கூடியன. 180 பேரை ஏற்றும் எயர்பஸ் ஏ320 வகைக்கோ, முழுப்பாரத்துடன் எழுவதற்கு 2,000 மீற்றருக்கு மேற்பட்ட பாதை வேண்டும். வெப்பம் மிகுந்தால் வளியின் அடர்த்தி குறையும். சிறகு பெறும் உயர்த்துவிசையும் குறையும். ஆகவே பாதையின் நீளம் மேலும் வேண்டப்படும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் இது புறக்கணிக்கத்தக்கதன்று. பாதையின் நீளத்தோடு அதன் தளத்தின் வன்மை, தீயணைப்பு வசதி, பயணிகள் மண்டபத்தின் அளவு என்பனவும் ஒருங்கே வளர்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் மற்றவை பயன்படா.

இங்கேதான் மிகக் கடினமான வினா எழுகின்றது. பாதை நீளவேண்டுமெனின் நிலம் வேண்டும். அந்நிலம் எவருடையது? 2013 இல் வலிகாமத்தில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, காணிச் சொந்தக்காரர் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் நீதிமன்றத்தை நாடினர். 2015 இன் பின்னர் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. 2025 ஏப்பிரலில் வசாவிளான் - பலாலி வீதி, நேரக் கட்டுப்பாட்டுடனேனும், முப்பத்தைந்தாண்டுகளின் பின் திறக்கப்பட்டது. ஆயினும் முழுக்காணியும் மீளவில்லை. நலன்புரி நிலையத்திற் பிறந்து வளர்ந்து, தன் தந்தையின் கிணற்றை ஒருநாளும் காணாத ஒரு தலைமுறை இன்று பிள்ளைகளைப் பெற்றுவிட்டது. அவர்களிடம் சென்று விமான நிலையத்தின் பெருமையைப் பேசுவது எளிதன்று.

இதனால் நிலையம் வளரவேண்டாமென்பது கருத்தன்று. அதனால் விளையக்கூடிய நன்மைகள் பல. தமிழகத்து மருத்துவமனைகளை நாடும் நோயாளர், தலயாத்திரை செய்வோர், உயர்கல்வி கருதிச் செல்லும் மாணவர், புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து பெற்றோரைக் காண வருவோர் ஆகியோர் கட்டுநாயக்கா வரை இராப்பயணஞ் செய்யும் இடர் நீங்கும். வலிகாமத்து மரக்கறியும் பழமும், மயிலிட்டிக் கடலின் மீனும் வாடுமுன் பிறநாட்டுச் சந்தையைச் சேர வழியுண்டாகும். 2015 இற் காங்கேசன்துறைக்குப் புகைவண்டி மீண்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. தரை, கடல், வான் ஆகிய மூவழிகளும் சில மைல் எல்லைக்குள் கூடும் வாய்ப்பு இலங்கையில் வேறெங்கும் எளிதிற் கிட்டாது.

ஆயின் அவ்வளர்ச்சிக்கு வேண்டிய நிலம் இன்னதென அளவிட்டு வெளிப்படையாகக் கூறப்படல் வேண்டும். அந்நிலத்துக்குரியோர்க்கு நியாயமான விலையும் மாற்றுக் காணியும் முன்னரே வழங்கப்படல் வேண்டும். நிலையத்துக்கு வேண்டாத காணிகள் உரியவரிடம் மீள்தல் வேண்டும். அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 2013 இல் மத்தளவிற் பெரும்பொருள் செலவிட்டு அமைக்கப்பட்ட நிலையம், பயணிகள் போதாமையால் வெறிச்சோடியது. அங்கே பாதையுண்டு, பயணிகள் இல்லை; பலாலிக்குப் பயணிகள் உண்டு, பாதை போதாது. மக்களுடைய தேவையிலிருந்து வளரும் நிலையமே நிலைக்கும். அம்மக்களுள் முதலிடம் பெறவேண்டியோர் அதன் வேலிக்கு அப்பால் முப்பத்தைந்தாண்டுகளுக்கு மேலாகக் காத்திருப்போரே. அவர்தம் தோட்டக் கிணறுகளில் மீண்டும் நீர் இறைக்கப்படும் காலத்திலேயே பலாலி விமான நிலையத்தின் மீட்சியும் முழுமைபெறும்.