யாழின் தோல்



வீணை என்றதும் சரசுவதியின் மடி நினைவுக்கு வருகிறது. யாழ் என்றால் யாருடைய மடி நினைவுக்கு வரவேண்டும்? பாணருடைய மடி. அதைத்தான் இந்த நினைவு நாளில் நாம் பேச எடுத்துக்கொண்டோம்.

பொருநராற்றுப்படை யாழை உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறது. குளம்புத் தடம்போன்ற பத்தர், அதன்மேல் இழுத்துப் போர்த்திய தோல், தோலை மூட்டிய தையல், நரம்பு. ஆக, யாழும் பறையைப்போலத் தோல் போர்த்த கருவிதான். புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரை மட்டுமே குடியாக எண்ணுகிறது. அங்கே பாணன் பறையனுக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

பிறகு நடந்ததைப் பெரியபுராணத்தில் பார்க்கிறோம். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழையே உடைக்க ஓங்குகிறார். பாட்டு வென்றது, கருவி தோற்றது என்று அந்தக் கதை முடிகிறது. ஆனால் மறைந்த தேவாரப் பண்களை மீட்டுத் தந்தவர், எருக்கத்தம்புலியூரில் அதே பாணர் வழியில் வந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. தோற்றதாகச் சொல்லப்பட்ட மரபிடம்தான் பண் பத்திரமாக இருந்தது.

17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளுடன் இன்றைய வீணை உருப்பெற்றதாக இசை வரலாற்றார் சொல்கிறார்கள். குடமும் பலா, மேற்பலகையும் பலா, தந்தி உலோகம். தோலுக்கு அதில் வேலையில்லை. இன்று வீணையில் ஒலிவாங்கி பொருத்துகிறார்கள், கழற்றி மாட்டும்படியும் செய்கிறார்கள்.

விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்ற பழைய உரைக்கணக்கு மறுபடி ஆராயப்பட்டது. இன்று சென்னையில் இளைஞர்கள் யாழைச் செய்கிறார்கள், மின்யாழும் வந்துவிட்டது. நாம் மகிழ்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டுப் பட்டியல் சாதி அட்டவணையில் ‘பாணன்’ என்றொரு பெயர் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டத்துக்கும் உரியதாக. யாழைத் தமிழரின் பெருமை என்று மேடையேற்றுகிறோம். பாணன் என்ற பெயரைச் சாதிச் சான்றிதழில் விட்டுவைக்கிறோம்.

யாழ் திரும்பி வரட்டும். பாணர் பெயரோடு வரட்டும். அந்தத் தோலைப் பதப்படுத்திய, இழுத்துக் கட்டிய கைகளையும் வரலாறு எழுதட்டும்.